கதிரியக்க எதிர்ப்பொருளால் புற்றுக்கட்டியைக் கண்டறிதல்: சிர்கோனியம்-89 டிராஸ்டுசுமாப் பெட் ஸ்கேனுக்கு ஒரு வழிகாட்டி

மார்பகப் புற்றுநோய் பரவிய ஒருவருக்கு எலும்பிலும் ஈரலிலும் நுரையீரலிலும் பல கட்டிகள் இருக்கும்போது, ஊசி எட்டும் ஒரு கட்டியிலிருந்து மட்டுமே திசு எடுத்துச் சோதிக்கிறோம். செல்லின் வளர்ச்சியைத் தூண்டும் ஏற்பியான ஹெர்2 புரதம் அந்தத் துணுக்கில் மிகுந்திருந்தால், எஞ்சிய கட்டிகளிலும் அப்படியே இருக்கும் என்று கருதி, அதைப் பிடிக்கும் டிராஸ்டுசுமாப் போன்ற ஹெர்2 மருந்தைத் தொடங்குகிறோம். இந்தக் கருத்து எத்தனை முறை தவறக்கூடும் என்பதை 2016-இல் வெளியான 'ஸெஃபிர்' ஆய்வு காட்டியது. பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் நடந்த அந்த ஆய்வில், திசுச் சோதனைப்படி ஹெர்2 மிகுந்தவர்கள் என்று சொல்லப்பட்ட 56 பேரை எதிர்ப்பொருள் பெட் ஸ்கேனில் (கதிரியக்க அணு ஏற்றிய எதிர்ப்பொருளைச் செலுத்தி, அது உடலில் எங்கே சேர்கிறது என்று எடுக்கும் படத்தில்) பார்த்தபோது, 16 பேருக்குக் கட்டிகளின் பெரும்பகுதி ஒளிரவே இல்லை. உடல் முழுவதையும் ஒரே நேரத்தில் சோதித்துப் பார்க்க இதைவிட நேரான வழி இப்போது நம்மிடம் இல்லை என்பதால், அதைச் சரியாகச் செய்வது எப்படி என்பதை அணுமருத்துவமும் கதிர்மருந்தியலும் பயிலும் மாணவர்களுக்காகவும், புற்றுநோய்ப் பிரிவில் பணிபுரியும் மருத்துவர்களுக்காகவும் இங்கே எழுதுகிறேன். இந்தக் கட்டுரை உங்கள் மையத்தின் ஒப்புதல் பெற்ற செய்முறைக்கு மாற்றாகாது. அந்தச் செய்முறையின் ஒவ்வொரு வரிக்கும் பின்னே உள்ள காரணத்தைப் புரிந்துகொள்ள உதவும்.

எல்லாவற்றுக்கும் முன்பாக ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். பெட் கருவிக்கு எதிர்ப்பொருள் தெரியாது; கதிரியக்க அணு சிதையும் இடம் மட்டுமே தெரியும். அணுவும் எதிர்ப்பொருளும் பிரியாமல் சேர்ந்திருக்கும்வரை, படம் எதிர்ப்பொருளின் இருப்பிடத்தைச் சொல்கிறது. அவை பிரிந்த கணத்திலிருந்து, தனித்துத் திரியும் ஓர் உலோக அணு எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைத்தான் சொல்கிறது. கட்டியோ அதே தெளிவுடன் ஒளிரும் பொய்யான புள்ளியோ, இரண்டும் திரையில் ஒரே நிறத்தில்தான் தெரியும். இனி வரும் ஒவ்வொரு படிநிலையும், அந்த இணைப்பைக் காப்பதற்கும், அது காக்கப்பட்டதா என்று சோதிப்பதற்கும் உரியது.

இந்த முறையின் வேர் பழையது. டேவிட் பிரஸ்மன் 1940-களின் இறுதியில் அயோடின்-131 ஏற்றிய எதிர்ப்பொருள்கள் குறிப்பிட்ட உறுப்பைத் தேடிச் சென்று தங்குவதை விலங்குகளில் காட்டினார். 1953-இல் அவரும் லியோன்ஹார்ட் கோர்ன்கோல்டும் எலிகளின் எலும்புப் புற்றில் அதையே காட்டினார்கள். 1978-இல் டேவிட் கோல்டன்பெர்க் குழுவினர், கார்சினோஎம்பிரியோனிக் ஆன்டிஜென் என்ற புற்றுக்கட்டிப் புரதத்துக்கு எதிராக ஆட்டில் உருவாக்கிய எதிர்ப்பொருளைக் கொண்டு மனிதர்களின் கட்டிகளைப் படமெடுத்தனர். எனினும் விலங்கின் சீரத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்பொருள், பல குளோன்களின் கலவையாகவே இருந்தது. கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் 1975-இல் வெளியிட்ட ஹைபிரிடோமா முறையால் ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டிய அளவு உருவாக்க முடிந்த பிறகே, இது மருத்துவமனைக்கு உரிய கருவியாக மாறத் தொடங்கியது.

இலக்கைத் தேர்தல்

எதிர்ப்பொருள் பிடிக்கப்போகும் ஆன்டிஜென், செல்லின் வெளிப்புறத்தில் இருக்க வேண்டும். கட்டியில் மிகுந்தும் நலமான திசுவில் குறைந்தும் இருக்க வேண்டும். பெருமளவில் உதிர்ந்து இரத்தத்தில் கலக்காமலும் இருக்க வேண்டும். முதல் நிபந்தனை வெளிப்படையானதாகத் தோன்றினாலும், அதை மீறியதால் நேர்ந்த குறை ஒன்று இத்துறையில் எல்லோரும் அறிந்தது. 1996-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்த புரோஸ்டாசின்ட் என்ற இந்தியம்-111 எதிர்ப்பொருள், புராஸ்டேட் புற்றின் பி.எஸ்.எம்.ஏ. புரதத்தைத்தான் பிடித்தது, ஆனால் அப்புரதத்தின் எந்தப் பகுதி செல்லுக்கு உள்ளே இருக்கிறதோ, அந்தப் பகுதியைப் பிடித்தது. உயிருள்ள செல்லின் சவ்வைக் கடந்து உள்ளே போக எதிர்ப்பொருளால் இயலாது என்பதால், செல்கள் மடிந்து சவ்வு சிதைந்த இடங்களில்தான் அது நன்றாகப் பற்றியது. உயிர்ப்புடன் வளரும் கட்டிகள், முக்கியமாக எலும்பில் பரவியவை, தப்பிவிட்டன. அதே புரதத்தின் வெளிப்பகுதியைப் பிடிக்கும் ஜே591 எதிர்ப்பொருள் பின்னர் வந்தபோது அந்தத் தடை நீங்கியது. ஆகவே, 'எந்தப் புரதம்' என்று கேட்டதோடு நிற்காமல், 'அந்தப் புரதத்தின் எந்த முனை' என்றும் கேளுங்கள்.

ஹெர்2 இந்த நிபந்தனைகளுக்குப் பெரும்பாலும் பொருந்துகிறது. நலமான மார்பகச் செல்லில் சில பத்தாயிரம் என்ற அளவில் உள்ள இந்த ஏற்பி, மரபணு பெருகிய புற்றுச் செல்லில் இருபது லட்சம் வரை உயரக்கூடும். மருந்தாகப் பல ஆண்டுகள் பயன்பட்ட டிராஸ்டுசுமாப் எதிர்ப்பொருளும் கையில் இருப்பதால், பாதுகாப்பைப் பற்றிய அறிவு முன்பே உள்ளது. இதன் குறை, ஹெர்2-வின் வெளிப்பகுதி ஓரளவு உதிர்ந்து இரத்தத்தில் சேர்வதே. அதன் விளைவை ஊசி போடும் கட்டத்தில் பார்ப்போம். சிறுநீரகத்தின் தெளிசெல் புற்றுக்குக் கார்போனிக் அன்ஹைட்ரேஸ்-9 மற்றொரு சிறந்த இலக்கு. அப்புற்றில் வி.எச்.எல். மரபணு செயலிழப்பதால், ஆக்சிஜன் குறையும்போது மட்டும் உருவாகவேண்டிய இந்த நொதி ஓயாமல் உருவாகிறது. ஜிரென்டுக்சிமாப் எதிர்ப்பொருளில் சிர்கோனியம்-89 ஏற்றிச் சோதித்த 'ஸிர்கான்' மூன்றாம் கட்ட ஆய்வில், உணர்திறனும் (புற்று உள்ளதைக் கண்டுபிடிப்பது) தெரிவுத்திறனும் (இல்லாததை இல்லை என்று சொல்வது) 85 விழுக்காட்டுக்கு மேல் இருந்தன.

எதிர்ப்பொருளின் வேகமும் அணுவின் ஆயுளும்

முழு எதிர்ப்பொருள் ஒன்றின் எடை ஏறக்குறைய 150 கிலோடால்டன். சிறுநீரகத்தின் வடிகட்டி அதை வெளியே விடாது. அதனால் அது பல நாள்கள் இரத்தத்தில் சுற்றி, மெல்ல மெல்லக் கட்டிக்குள் கசிகிறது. முதல் நாள் படமெடுத்தால் இதயமும் பெரிய இரத்தக் குழாய்களுமே பளிச்சென்று தெரியும். கட்டி தனித்துத் தெரிய நான்கைந்து நாள்கள் வேண்டும். இத்தனை நாள் காத்திருக்கத்தக்க அணுவையே எதிர்ப்பொருளுக்குத் துணையாகத் தேர வேண்டும்.

ஃபுளோரின்-18-இன் அரை ஆயுள் 110 நிமிடம். ஐந்து நாளில் அது அறுபத்தைந்து முறை பாதியாகிவிடும், எதுவுமே மிஞ்சாது. டெக்னீசியம்-99எம் 6 மணி நேரம்தான் என்பதால், அதை முழு எதிர்ப்பொருளில் ஏற்றுவதைவிட 50 கிலோடால்டன் எடையுள்ள ஃபேப் துண்டுகளில் ஏற்றுவதே பொருந்தியது. அவை சில மணி நேரத்திலேயே இரத்தத்தைவிட்டு நீங்குகின்றன, ஆனால் கட்டியில் சேரும் அளவும் அதற்கேற்பக் குறைகிறது, சிறுநீரகமும் மிகையாக ஒளிர்கிறது. இந்தியம்-111 2.8 நாள் அரை ஆயுள் கொண்டது. பொருத்தம் நன்று, ஆனால் அது காமா கேமராவுக்கு உரியது என்பதால் படத்தின் நுட்பமும் அளவிடும் துல்லியமும் பெட் அளவுக்கு வருவதில்லை. அயோடின்-124, பெட் படத்துக்கு வேண்டிய பாசிட்ரான் துகளை வெளியிடுவது, அதன் அரை ஆயுள் 4.2 நாள். ஆனால் ஹெர்2 போன்ற ஏற்பிகள் தம்மைப் பிடித்த எதிர்ப்பொருளைச் செல்லுக்குள் இழுத்துக்கொள்கின்றன. உள்ளே போன எதிர்ப்பொருள் செரிக்கப்படும்போது அயோடின் விடுபட்டு, செல்லைவிட்டு வெளியேறித் தைராய்டுக்குப் போய்விடுகிறது. உலோக அணுவோ செல்லின் செரிப்பறையான லைசோசோமுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது. உள்ளிழுக்கப்படும் இலக்குக்கு உலோகம், செல்லின் மேற்பரப்பிலேயே தங்கும் இலக்குக்கு அயோடினும் ஆகலாம் என்பது நினைவில் வைக்கத்தக்க விதி.

இந்தக் காரணங்களால்தான் சிர்கோனியம்-89 முன்னணிக்கு வந்தது. இயற்கையில் கிடைக்கும் யிட்ரியம் முழுவதும் யிட்ரியம்-89 ஆகவே இருப்பதால், செறிவூட்டும் செலவின்றி, அதன் தகட்டைச் சைக்ளோட்ரானில் புரோட்டான் கொண்டு தாக்கி இதை உருவாக்கலாம். அரை ஆயுள் 78.4 மணி நேரம். கணக்கிட்டுப் பார்த்தால் இதன் அருமை புரியும்: 37 மெகா பெக்கரல் (ஒரு மெகா பெக்கரல் என்பது நொடிக்குப் பத்து லட்சம் சிதைவு) செலுத்தினால், ஐந்தாம் நாள் 12.8 மெகா பெக்கரல் எஞ்சியிருக்கும். ஆனால் சிதைவுகளில் 23 விழுக்காடு மட்டுமே பாசிட்ரானைத் தருவதால், உடல் முழுவதிலிருந்தும் நொடிக்கு ஏறக்குறைய முப்பது லட்சம் பாசிட்ரான்களே கிடைக்கும். மனிதக் கட்டிகள் ஒரு கிராமுக்குப் பிடித்துக்கொள்வது, செலுத்திய அளவில் நூறில் ஒரு விழுக்காடோ அதற்கும் குறைவோதான். இவ்வளவு சொற்பமான சமிக்ஞையை நம்பியே படமெடுக்கிறோம் என்பதால், தயாரிப்பில் ஐந்து விழுக்காடு அணு இணையாமல் தங்கினாலும் அது அலட்சியப்படுத்தத்தக்கது அன்று.

கொடுக்கைப் பூட்டி உலோகத்தை ஏற்றுதல்

உலோக அணு நேரடியாகப் புரதத்தில் ஒட்டாது. அதைக் கவ்விப் பிடிக்கும் கொடுக்கிணைப்பு ஈனி ஒன்றை முதலில் எதிர்ப்பொருளில் பூட்ட வேண்டும். சிர்கோனியத்துக்கு இன்று பரவலாகப் பயன்படுவது டெஸ்ஃபெரியாக்சமீன். தலசீமியா நோயாளிகளின் உடலில் மிகும் இரும்பை அகற்ற நெடுங்காலமாகத் தரப்படும் அதே மருந்துதான் இது. இரும்பின் மீது இதற்குள்ள அந்தப் பற்றே ஆய்வகத்தில் நமக்கு இடையூறாகவும் ஆகிறது. கரைசலில் நுண்ணளவு இரும்பு இருந்தாலும் அது கொடுக்கை முன்னதாகவே அடைத்துக்கொள்ளும். ஆகவே தாங்கல் கரைசல்கள் அனைத்தையும் உலோகம் நீக்கும் பிசினில் கடத்தியே பயன்படுத்துங்கள். எஃகுக் கரண்டியையும் எஃகு ஊசியையும் இந்தக் கட்டத்தில் தொடவே வேண்டாம்.

டிராஸ்டுசுமாப் குப்பியில் எதிர்ப்பொருளோடு ஹிஸ்டிடின், டிரெஹலோஸ், பாலிசார்பேட் ஆகியவையும் இருக்கின்றன. இவற்றுள் ஹிஸ்டிடின் ஓர் அமினோ அமிலம். அதன் அமீன் தொகுதி, கொடுக்கு பூட்டப்பட வேண்டிய எதிர்ப்பொருளின் லைசின் அமினோ அமிலங்களுக்குப் போட்டியாக வந்து கொடுக்கைத் தன்பால் இழுத்துக்கொள்ளும். ஆகவே முதல் வேலை, அளவுவிலக்குப் பத்தியிலோ நுண்வடிகட்டியிலோ எதிர்ப்பொருளைத் தூய உப்புக் கரைசலுக்கு மாற்றுவது. இதைத் தவிர்த்துவிட்டு, பின்னர் ஏற்றம் குறைவாக வந்ததற்குச் சிர்கோனியத்தின் தரத்தைக் குறைசொல்வது ஆய்வகங்களில் அடிக்கடி காணும் வழக்கம்.

மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராம் செறிவில் ஒரு மில்லிலிட்டர் எதிர்ப்பொருளை எடுத்து, சோடியம் கார்பனேட் கரைசலைத் துளித்துளியாகச் சேர்த்து பி.எச். அளவை 9-க்குக் கொண்டுவருங்கள். ஐசோதயோசயனேட் முனை கொண்ட டெஸ்ஃபெரியாக்சமீன், லைசினின் அமீன் தொகுதியோடு வினைபுரிய இந்தக் காரத்தன்மை தேவை. 9-க்கு வெகுவாகக் கீழே இறங்கினால் வினை மந்தமாகும். 5 மில்லிகிராம் எதிர்ப்பொருள் என்பது ஏறக்குறைய 33 நானோமோல். அதற்கு மும்மடங்காக 100 நானோமோல் ஈனி வேண்டும், டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் 5 மில்லிமோலார் செறிவில் கரைத்ததானால் அது 20 மைக்ரோலிட்டர். இந்த 20 மைக்ரோலிட்டரையும் ஒரேயடியாக ஊற்றாமல், ஐந்தைந்தாகச் சேர்த்து ஒவ்வொரு முறையும் கலக்குங்கள். டி.எம்.எஸ்.ஓ. ஓரிடத்தில் செறிந்தால் புரதம் திரண்டுவிடும். பிறகு 37 டிகிரி செல்சியசில் அரை மணி நேரம் மெல்ல அசைத்தபடி வைத்து, பத்தியில் கடத்தி, இணையாத ஈனியை நீக்க வேண்டும்.

இங்கே பேராசை கூடாது. மும்மடங்கு ஈனி சேர்த்தால் ஓர் எதிர்ப்பொருளுக்குச் சராசரியாக ஒன்று அல்லது ஒன்றரைக் கொடுக்கு பூட்டப்படும். பத்து மடங்கு சேர்த்தால் கொடுக்குகள் பெருகும், ஏற்றமும் எளிதாகும். ஆனால் ஆன்டிஜெனைப் பிடிக்கும் முனையருகே உள்ள லைசின்களும் அடைபடும், ஈரல் அதை அந்நியப் பொருளாகக் கண்டு விரைவில் விழுங்கும். கொடுக்கு குறைவாக இருப்பதால் வரும் நட்டத்தை ஈடுசெய்ய வழியுண்டு. மிகுதியால் வரும் நட்டத்துக்கு அப்படி வழியில்லை.

சிர்கோனியம் ஆக்சலிக் அமிலத்தில் கரைந்த நிலையில் வந்து சேரும். ஒரு மோலார் அமிலத்தில் 200 மைக்ரோலிட்டர் கொண்டால், அதில் 2 மோலார் சோடியம் கார்பனேட்டை 90 மைக்ரோலிட்டர் சேர்த்து மூன்று நிமிடம் விடுங்கள். கார்பன் டை ஆக்சைடு குமிழிட்டு வெளியேறும். மூடியை இறுக்கி வைத்துவிட்டால் அழுத்தம் ஏறிக் கதிரியக்கத் துளிகள் தெறிக்கும் என்பதால், இந்த மூன்று நிமிடத்தில் அவசரப்படலாகாது. பின்னர் ஹெபஸ் தாங்கல் கரைசலையும், கொடுக்குப் பூட்டிய எதிர்ப்பொருளையும் சேர்த்து, பி.எச். 6.8-க்கும் 7.2-க்கும் இடையில் இருப்பதைத் தாளில் சோதித்து, அறை வெப்பத்தில் ஒரு மணி நேரம் சுழலவிட வேண்டும். சூடாக்கத் தேவையில்லை என்பது இந்த ஈனியின் பெருஞ்சிறப்பு. சூடு தாங்காத எதிர்ப்பொருளுக்கு இதைவிட நல்ல துணை கிடைப்பது அரிது. முடிவில் மீண்டும் பத்தியில் கடத்தி, ஜென்டிசிக் அமிலம் கலந்த அசிட்டேட் கரைசலில் சேகரியுங்கள். கதிர்வீச்சு நீரைப் பிளந்து உண்டாக்கும் தனியுறுப்புகளை ஜென்டிசிக் அமிலம் தணிக்கிறது. குளோரைடு உள்ள கரைசலில் நெடுநேரம் வைத்தால், கதிர்வீச்சு அதை ஹைப்போகுளோரைட்டாக மாற்றும். அது கொடுக்குக்கும் எதிர்ப்பொருளுக்கும் இடையே உள்ள தயோயூரியா பிணைப்பைத் தாக்கி அணுவைக் கழற்றிவிடும்.

இந்த வேலை முழுவதும் தடித்த ஈயத் தடுப்புக்குப் பின்னாலேயே நடக்க வேண்டும். சிர்கோனியம்-89 வெளியிடும் 909 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமா கதிரைப் பாதியாக்கவே ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் ஈயம் தேவைப்படுகிறது. டெக்னீசியத்துக்கென வைத்திருக்கும் மெல்லிய ஊசியுறைகள் இதற்குப் பயன்படா. இந்தியாவில் இத்தகைய ஆய்வகத்தை நடத்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமமும், கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரும் இருந்தாக வேண்டும்.

இணைப்பு நிற்கிறதா என்று சோதித்தல்

குப்பியை நோயாளிக்கு அனுப்புமுன் மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும். முதலாவது, அணு எதிர்ப்பொருளோடுதான் இருக்கிறதா. மென்படல நிறப்பிரிகைத் தாளில் ஒரு துளியிட்டு, 5-ஐ ஒட்டிய பி.எச். கொண்ட சிட்ரேட் கரைசலில் நிறுத்தினால், எதிர்ப்பொருள் துளியிட்ட இடத்திலேயே நிற்கும். கட்டற்ற சிர்கோனியம் சிட்ரேட்டோடு மேலேறிவிடும். அடியில் உள்ள பங்கு 95 விழுக்காட்டுக்குக் குறைந்தால் அந்தத் தயாரிப்பை மீண்டும் தூய்மை செய்யுங்கள், அல்லது கைவிடுங்கள். இரண்டாவது, எதிர்ப்பொருள் திரளாமல் தனித்தனியாக இருக்கிறதா. இதை அளவுவிலக்கு நிறப்பிரிகைதான் சொல்லும். திரண்டவை ஈரலுக்கும் மண்ணீரலுக்கும் நேராகப் போய்ச் சேரும்.

மூன்றாவது கேள்வியே முக்கியமானது, நேரமின்மையால் பலரும் தள்ளிப்போடுவதும் அதுவே: இத்தனை வேதிவினைகளுக்குப் பிறகும் எதிர்ப்பொருள் தன் ஆன்டிஜெனைப் பிடிக்கிறதா. 1984-இல் லிண்ட்மோவும் உடன் ஆய்வாளர்களும் வகுத்த முறையில், ஹெர்2 மிகுந்த செல்களைப் பல செறிவுகளில் எடுத்து, ஒவ்வொன்றிலும் மிகச் சிறிதளவு ஏற்றிய எதிர்ப்பொருளைச் சேர்த்து, செல்லோடு ஒட்டிய பங்கை அளந்து, செல்கள் எண்ணற்று இருந்தால் எவ்வளவு ஒட்டியிருக்கும் என்று வரைபடத்தை நீட்டிக் கணிக்கிறோம். கதிரியக்க அணு ஏற்றாத எதிர்ப்பொருளைப் பெருமளவில் முன்னதாகச் சேர்த்த மற்றொரு குழாயில் இந்த ஒட்டுதல் மறைய வேண்டும். மறையாவிட்டால் அது தெரிந்து பிடித்த பிடி அன்று, வெறும் ஒட்டல். முதல் இரண்டு சோதனைகளில் முழு மதிப்பெண் வாங்கிய தயாரிப்பும் மூன்றாவதில் தோற்கலாம் என்பதால், செய்முறையை நிலைநாட்டும் காலத்தில் ஒவ்வொரு தொகுதிக்கும் இதைச் செய்தேயாக வேண்டும் என்பது என் கருத்து. கிருமியற்ற நிலை, நச்சுப்பொருள் வரம்பு ஆகியவை எல்லா ஊசி மருந்துக்கும் உரிய வழக்கமான சோதனைகளே.

நோயாளிக்குச் செலுத்துதல்

செலுத்தும் கதிரியக்கத்தின் அளவைவிடவும், அதோடு செல்லும் எதிர்ப்பொருளின் எடை பற்றித்தான் அதிகம் சிந்திக்க வேண்டும். நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழக மருத்துவமனை 2010-இல் வெளியிட்ட முதல் மனித ஆய்வில் இது தெளிவாக வெளிப்பட்டது. டிராஸ்டுசுமாப் பெறாதவர்களுக்கு 10 மில்லிகிராம் மட்டும் கொடுத்தபோது, உதிர்ந்து இரத்தத்தில் மிதக்கும் ஹெர்2-வோடு அது இணைந்து ஈரலால் விரைவில் அகற்றப்பட்டது. கட்டிக்குப் போய்ச்சேர மிஞ்சியது கொஞ்சமே. 50 மில்லிகிராமாக உயர்த்தியபோது படம் தெளிந்தது. ஏற்கெனவே அம்மருந்தைப் பெற்றுவருபவர்களுக்கோ, இரத்தத்தில் எதிர்ப்பொருள் நிறைந்திருப்பதால் 10 மில்லிகிராமே போதுமானதாக இருந்தது. ஆகவே நோயாளி கடைசியாக எப்போது, எவ்வளவு டிராஸ்டுசுமாப் பெற்றார் என்பதை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள்.

37 மெகா பெக்கரல் செலுத்தினால் உடலுக்குக் கிடைக்கும் கதிர்வீச்சு ஏறக்குறைய 20 மில்லிசீவர்ட். கதிரியக்கச் சர்க்கரையைக் கொண்டு எடுக்கும் வழக்கமான எஃப்.டி.ஜி. பெட் ஸ்கேனைவிட இது மிகுதி. இதில் ஈரலே அதிகம் பெறுகிறது. கர்ப்பிணிகளுக்கு இதைச் செய்யக்கூடாது. மீண்டும் மீண்டும் செய்து பார்க்கத்தக்க சோதனையாகவும் இதைக் கருதக்கூடாது. சிகிச்சை முடிவு மாறக்கூடிய கேள்வி இருந்தால் மட்டுமே கேட்டுப் பெற வேண்டும். செலுத்திய பின் ஊசிக்குழலில் தங்கிய மிச்சத்தை அளந்து கழிக்க மறவாதீர்கள். ஊசி போடும் நாளுக்கும் படமெடுக்கும் நாளுக்கும் இடையே பல நாள்கள் இருப்பதால், அளவிடும் கருவியின் கடிகாரமும் ஸ்கேனரின் கடிகாரமும் ஒத்திருக்கின்றனவா என்பதையும், தேதி சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். தேதி ஒரு நாள் பிறழ்ந்தால் எல்லா அளவுகளும் ஐந்தில் ஒரு பங்குக்கு மாறிவிடும்.

முன்பு எலியிலிருந்து பெற்ற எதிர்ப்பொருள்களைச் செலுத்தியபோது, நோயாளியின் உடல் அவற்றுக்கு எதிராகவே எதிர்ப்பொருள் உருவாக்கிக்கொண்டது. இரண்டாம் முறை செலுத்தினால் படம் கெட்டது, ஒவ்வாமையும் வந்தது. டிராஸ்டுசுமாப் மனிதமயமாக்கப்பட்டது என்பதால் அந்த அச்சம் வெகுவாகக் குறைவு. ஆயினும் செலுத்திய பிறகு சிறிது நேரம் கண்காணிப்பில் வைத்திருப்பதே முறை.

படமெடுத்தலும் வாசித்தலும்

நான்காம் அல்லது ஐந்தாம் நாள், தலை முதல் தொடை வரை, குறைந்த அளவுச் சி.டி.யோடு படமெடுங்கள். பாசிட்ரான் குறைவு என்பதால், எஃப்.டி.ஜி.க்கு ஒரு படுக்கை நிலைக்கு இரண்டு மூன்று நிமிடம் போதுமென்றால் இங்கே ஐந்து நிமிடமும் அதற்கு மேலும் ஒதுக்க வேண்டும். நோயாளி நீண்ட நேரம் அசையாமல் படுக்க வேண்டியிருப்பதால், எலும்பில் பரவிய வலி உள்ளவர்களுக்கு முன்னதாகவே வலிநிவாரணி கொடுத்துவிடுங்கள். கை நடுங்கி அசைந்த ஒரு படத்தை மறுபடி எடுக்கலாம், ஆனால் அதற்குள் அவர் படும் துன்பத்தைத் திரும்பப் பெற முடியாது.

வாசிக்கும்போது முதலில் இதயத்தின் இரத்தம், ஈரல், மண்ணீரல், சிறுநீரகம், குடல் ஆகியவற்றில் இயல்பாகத் தெரியும் ஒளியை மனத்தில் வகுத்துக்கொள்ள வேண்டும். அடுத்து எலும்பைப் பாருங்கள். சிர்கோனியம் அயனி எட்டு பிணைப்புகளை விரும்புகிறது. டெஸ்ஃபெரியாக்சமீனோ ஆறு மட்டுமே தருகிறது. அதனால் நாளடைவில் சிறிதளவு அணு கழன்று, எலும்பின் பாஸ்பேட்டில் போய்ப் படிகிறது. எலிகளில் இது மிகத் தெளிவாகவும், மனிதர்களில் குறைவாகவும் காணப்படுகிறது. மூட்டுகளிலும் முதுகெலும்பிலும் சமமாகப் பரவிய மெல்லிய ஒளியைப் பரவிய புற்று என்று எழுதிவிடாதீர்கள், சி.டி.யில் அந்த இடத்தில் மாற்றம் உண்டா என்று பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். எட்டு பிணைப்பும் தரும் புதிய ஈனிகள் இந்தக் குறையைப் போக்கவே உருவாக்கப்படுகின்றன.

அணு கழலாமல் எதிர்ப்பொருளோடு இருந்தாலும், ஒளி எப்போதும் ஹெர்2-வைக் குறிக்காது. கட்டியின் இரத்தக் குழாய்கள் கசியும் தன்மையன. நிணநீர் வடிகாலும் அங்கே சரியாக இயங்குவதில்லை. ஆகவே எந்த எதிர்ப்பொருளாயினும் ஓரளவு அங்கே தேங்கும். வீக்கமுள்ள இடங்களிலும் அப்படியே. எதிர்த்திசையிலும் பிழை உண்டு: கட்டியின் நடுப்பகுதி மடிந்து, உள்ளழுத்தம் மிகுந்திருந்தால் எதிர்ப்பொருள் அங்கே நுழையாது. ஒரு சென்டிமீட்டருக்குச் சிறிய கட்டி, ஸ்கேனரின் நுட்பக் குறைவால் உள்ளதைவிட மங்கலாகவே தெரியும். மூளையில் பரவிய கட்டிகளைப் பொறுத்தவரை எதிர்பாராத நன்மை ஒன்று உண்டு. இயல்பான மூளைக்குள் எதிர்ப்பொருள் நுழைவதில்லை. ஆனால் கட்டி உள்ள இடத்தில் அந்தத் தடுப்பு குலைந்திருப்பதால், குரோனிங்கன் ஆய்வில் அவையும் படத்தில் தெரிந்தன.

எல்லாவற்றிலும் கடினமானது ஈரல். நலமான ஈரலே மிகுந்து ஒளிர்வதால், ஹெர்2 உள்ள கட்டியும் அதன் பின்னணியில் கரைந்துபோகலாம்; ஈரலைவிட மங்கலாகத் தெரிவதாலேயே அதை ஹெர்2 இல்லாதது என்று சொல்லிவிட முடியாது. எனவே அறிக்கையில் ஒவ்வொரு கட்டியையும் சி.டி., எஃப்.டி.ஜி. படங்களோடு ஒப்பிட்டுத் தனித்தனியே குறியுங்கள்: ஒளிர்வது, ஒளிராதது, ஈரலின் ஒளியால் தீர்மானிக்க இயலாதது. ஒளிர்வின் அளவை இரத்தக் குழாயின் ஒளியோடு ஒப்பிட்டு எழுதுங்கள்; எத்தனை மில்லிகிராம் எதிர்ப்பொருள், எத்தனை மணி நேரத்துக்குப் பின் எடுத்த படம் என்பனவும் அதே பக்கத்தில் இருக்கட்டும், அவையின்றி அந்த எண்களை வேறு எவராலும் பயன்படுத்த முடியாது. மருந்தைத் தொடர்வதா நிறுத்துவதா என்ற முடிவு, தீர்மானிக்க இயலாத ஒரே ஒரு கட்டியில் வந்து நின்றால், படத்தை மட்டும் வைத்து மருந்தை நிறுத்திவிடாமல், அந்தக் கட்டியிலிருந்தே திசு எடுத்துச் சோதிக்குமாறு அறிக்கையின் கடைசி வரியில் கேட்டு எழுதுங்கள்.